கழுத்துவரை பொத்தான்

அத்தியாயம் 4

“பாஸ்! பொம்பளை விவகாரமேதான்!”

ஜேசுதாசன் போனில் போட்ட கூச்சலில், பஃபலோ ரோட்டுக் காய்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முப்பது வருஷம் டாக்சி ஓட்டிவிட்டுத் துப்பறியும் தொழிலுக்கு வந்தவர் அவர். ஆளைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரர்தான். தொண்டையைத்தான் இன்னும் தொழிலுக்குப் பழக்க முடியவில்லை.

“மெதுவா, தாஸ் அங்கிள்,” என்றாள் மறுமுனையில் வினுஷா. “மொதல்ல பாத்தத சொல்லுங்க. நெனச்சத அப்புறம் சொல்லலாம்.”

“எதிர்ல ஒரு பியூட்டி பார்லர். கண்ணாடிக் கதவு. நம்ம துரைசாமி ஐயா உள்ள உக்காந்து ஒரு பொம்பளைக்குத் தலைய கோதி விட்டுக்கிட்டிருக்காரு. இந்த வயசுல! என்னா முடிங்கிறீங்க, இடுப்பு வரைக்கும்!”

“ஆள் எப்படி?”

“முகம் தெரியல. இருங்க, கிட்ட போய்ப் பாக்கறேன்.” குடையை விரித்து முகத்தை மறைத்தபடி ஜேசுதாசன் சாலையைக் கடந்தார். கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். அப்படியே நின்றார்.

“அங்கிள்? இருக்கீங்களா?”

“பாஸ்… இடுப்பு இல்ல.”

“என்னது?”

“இடுப்பு இல்ல, கை இல்ல, கால் இல்ல. வெறும் தலைதான். மேசையில திருகி வச்சிருக்காங்க. பிளாஸ்டிக் தலை லா!”

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். முதலாளி சிரித்துவிட்டால் அதை ஆறு மாதத்துக்குச் சொல்லிக் காட்டுவாள். ஜேசுதாசன் தன் விதியை நொந்துகொண்டார்.

விஷயம் இதுதான். எழுபத்தொன்பது வயது துரைசாமி ஒரு காலத்தில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இப்போது ஈசூனில் மனைவி பூவம்மாவோடு குடியிருக்கிறார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று வில்லங்கம். கேஸ் அடுப்பு அணைக்காமல் கிடந்தது. தண்ணீரே ஊற்றாமல் ஏற்றிய குக்கர் கருகியது. ரசத்தில் உப்புக்குப் பதிலாகச் சர்க்கரை விழுந்தது. கடைசியில் பூவம்மாவின் தாலிச் சங்கிலியே காணாமல் போய்விட்டது. யார் செய்தது என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் துரைசாமி முந்திக்கொள்வார். “நான்தான். மறந்துட்டேன்.”

மகன் அர்ஜுன் பயந்துபோய் முடிவெடுத்துவிட்டான். நாளைக் காலையில் அப்பாவை டாக்டரிடம் காட்டுவது. அப்படியே முதியோர் இல்லம் ஒன்றில் பிடித்து வைத்திருக்கும் இடத்தில் சேர்ப்பது. அம்மா தெம்பனிஸில் மகள் நிரஞ்சனா வீட்டுக்குப் போவது. கல்யாணமான நாள் முதல் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த இரண்டு பேரைத் தீவின் இரண்டு மூலைக்குப் பிரிப்பதுதான் ஏற்பாடு. அம்மாவிடம் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

நிரஞ்சனாவுக்கு மனசு கேட்கவில்லை. டன்லப் ஸ்திரீட்டில் தையல் கடைக்கு மேலே இருந்த வினுஷாவின் அலுவலகத்துக்கு வந்து அழுதாள். “செவ்வாய்க்கிழமையானா அப்பா எங்கயோ கிளம்பிப் போயிடறாரு. கேட்டா ஞாபகம் இல்லங்கறாரு. யாராவது அவர ஏமாத்திக் கையெழுத்து கிய்யெழுத்து வாங்கிட்டா?”

“வீட்டுல சமையல் யாரு?” என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள் வினுஷா.

“அம்மாதான். வேற யாரு? நான் கிச்சனுக்குள்ள போனாலே கரண்டி பறக்கும்,” என்று அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டாள் நிரஞ்சனா. துப்பறிகிற நேரத்தில் முதலாளியம்மா சமையலை விசாரிக்கிறாளே என்று ஜேசுதாசனுக்கு அப்போது எரிச்சலாக இருந்தது.

இன்று செவ்வாய்க்கிழமை. ஈசூனிலிருந்து ஐயாவின் பின்னாலேயே வந்தால் கடைசியில் கண்டது ஒரு பிளாஸ்டிக் தலையை.

“தம்பி.”

தோளில் ஒரு கை விழுந்தது. தம்பி என்று யாராவது கூப்பிட்டு எத்தனை காலமாயிற்று என்று ஒரு கணம் மகிழ்ந்துபோய்த் திரும்பினார் ஜேசுதாசன். பார்லரிலிருந்து எப்போது வெளியே வந்தாரோ, துரைசாமி நின்றிருந்தார். உயரமான மனிதர். கொளுத்துகிற வெயிலிலும் வெள்ளைச் சட்டையில் மேல் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார்.

“ஈசூன்ல நீலத் தொப்பி,” என்றார் துரைசாமி. “நியூட்டன்ல ரயில் மாறும்போது தொப்பிய காணோம், கறுப்புக் கண்ணாடி. இங்க வந்தா குடை. எல்லாம் மாத்துனீங்க, செருப்ப மாத்தலியே! இடது செருப்புல வாரு பிஞ்சு ஊக்கு குத்தியிருக்கு.”

“ஐயா, நீங்க வேற யாரையோ…”

“யார் அனுப்பினா? மகளா, மகனா?” ஜேசுதாசன் வாயைத் திறப்பதற்குள் அவரே தலையாட்டிக்கொண்டார். “மகதான். மகன் அனுப்பியிருந்தா நல்ல செருப்பு போட்ட ஆளா அனுப்பியிருப்பான். வாங்க, தேத்தண்ணி குடிக்கலாம்.”

துப்பறிய வந்தவரைத் துப்பறியப்பட வேண்டியவர் கையைப் பிடித்துத் தேக்கா சந்தைக்குள் கூட்டிக்கொண்டு போனார். இப்படி ஒரு அவமானம் டாக்சி ஓட்டின காலத்தில்கூட ஜேசுதாசனுக்கு நேர்ந்ததில்லை. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்தது. துரைசாமி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கழுத்தைத் துடைத்தார், பொத்தானை மட்டும் கழற்றவில்லை. கை அடிக்கடி அந்தப் பொத்தானுக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தது.

“தம்பி, எனக்கு ஒரு உதவி செய்யணும். என் மககிட்ட போயி, அப்பாவுக்குச் சுத்தமா ஞாபகம் போயிடுச்சு, வழி தெரியாம தேக்காவ சுத்திக்கிட்டிருந்தாருன்னு சொல்லிடுங்க.”

ஜேசுதாசனுக்குப் புரை ஏறியது. “ஐயா, அப்படிச் சொன்னா நாளைக்கு உங்கள ஹோம்ல கொண்டுபோய் விட்டுடுவாங்க!”

“தெரியும். அர்ஜுன் சொல்லிட்டான்.”

“ரயில் மாறத் தெரியுது, என் ஊக்கு தெரியுது. உங்க ஞாபகத்துல பாதி எனக்கு இருந்தா நான் ஏன் தினமும் சாவிய தேடப்போறேன்? அப்புறம் எதுக்கு இப்படி?”

துரைசாமி கோப்பையைக் காலி செய்துவிட்டு எழுந்தார். “எனக்கு மறதி தம்பி. அவ்வளவுதான். எழுதிக் குடுத்துடுங்க.” குரல் கெஞ்சியது. ஜேசுதாசனுக்கு என்னமோ போலாகிவிட்டது. தன்னை மூளை குழம்பியவன் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற மனிதனை அவர் அதுவரை கண்டதில்லை.

*

பத்து நிமிஷத்தில் வினுஷா வந்து சேர்ந்தாள். முப்பத்தெட்டு வயது, வக்கீல் ஆபீசில் வேலை பார்த்து அலுத்துப்போய்ச் சொந்தமாகக் கடை விரித்தவள். நடந்ததையெல்லாம் கேட்டாள். செருப்பு விஷயம் வந்தபோது மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, “நல்ல ஊக்குதான் அங்கிள்,” என்றாள்.

இருவரும் பார்லருக்குள் நுழைந்தார்கள். ரக்‌ஷனா என்ற அதன் உரிமையாளர் மறைக்க ஒன்றுமில்லாத கலகலப்பான பெண்.

“துரைசாமி அங்கிளா? செவ்வாக்கெழம தவறாம வந்துடுவாரு. வீட்டுல ஆன்ட்டிக்குக் கைவலியாம், பின்னிக்க முடியலியாம். அதான் கத்துக்கிறாரு. பின்னல் வந்துடுச்சு. இப்ப கொண்டை. ஒரே பிரச்சினை, ரொம்ப இறுக்கிடறாரு. கப்பலக் கட்டற மாதிரி! அந்தப் பொம்மைக்கு உயிர் இருந்தா போலீசுக்குப் போயிருக்கும்.”

வெளியே வந்ததும் ஜேசுதாசன் கைகளைத் தட்டிக்கொண்டார். “கேஸ் முடிஞ்சுது பாஸ். பொம்பளை இல்ல, கையெழுத்து இல்ல. பொண்டாட்டிக்குக் கைவலி, புருஷன் சடை பின்னக் கத்துக்கிறாரு. என் வீட்டுக்காரிக்கு இது தெரியாம பாத்துக்கணும். தெரிஞ்சா அடுத்த செவ்வாக்கெழம நான் இங்க உக்காந்திருப்பேன்.”

“அவர் சட்டை எப்படி இருந்துச்சு அங்கிள்?”

“கல்யாண மாப்பிள்ளையாட்டம் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டிருந்தாரு. காலர்ல மஞ்சள் கறை. மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டிருப்பாரு.”

“கறை காலருக்கு வெளியிலயா, உள்ளயா?”

ஜேசுதாசன் கண்ணை மூடி யோசித்தார். “கழுத்தைத் துடைக்கும்போது பாத்தேன். உள்பக்கம்.”

“மீ கோரெங் வெளியிலதான் சிந்தும். உள்ளுக்குள்ள சிந்தச் சாப்பிடறதுக்குத் தனித் திறமை வேணும்.” அவள் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தாள். “வாங்க, ஈசூனுக்குப் போவோம். அர்ஜுனும் நிரஞ்சனாவும் வேலை முடிஞ்சு அங்க வர்றாங்க.”

ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் வினுஷா கேட்டாள். “ஐயா செஞ்சதா சொல்ற தப்பெல்லாம் எங்க நடந்துச்சு?”

“ஈசூன்ல.”

“ஈசூன்ல எங்க?”

“அவங்க வீட்டுல.”

“வீட்டுல எங்க?”

“பாஸ், நான் டாக்சிக்காரன். வீட்டு வாசல்ல இறக்கி விடறதோட என் வேலை முடிஞ்சுது. உள்ள எந்த ரூம்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்?”

“அதத்தான் யோசிக்கணும்,” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஈசூன் வரும்வரை திறக்கவில்லை. முதலாளிகளே இப்படித்தான், பாதிப் பயணத்தில் மீட்டரை நிறுத்திவிடுவார்கள் என்று ஜேசுதாசன் முணுமுணுத்தார்.

*

கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். அர்ஜுன் தஞ்சோங் பகார் ஆபீசிலிருந்து நேரே வந்திருந்தான், கழுத்தில் ஆபீஸ் அட்டைகூட இன்னும் தொங்கியது. நிரஞ்சனா சுவரோரம் நின்றாள். துரைசாமி நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், அதே வெள்ளைச் சட்டை, அதே பொத்தான். ஜேசுதாசனைக் கண்டதும் கண்ணாலேயே ஒரு கும்பிடு போட்டார்.

பூவம்மா தரையில் அமர்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். தாலிச் சங்கிலி போனதிலிருந்து மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டியிருந்தார். பின்னால் தொங்கிய சடை துறைமுகத்துக் கயிறுபோல் இறுகிக் கிடந்தது. விரல்களோ பூவைத் தொட்டதும் தெரியவில்லை, முடிச்சு விழுந்ததும் தெரியவில்லை, அத்தனை வேகம். கைவலிக்காரியின் கையா இது? ஜேசுதாசன் திரும்பி வினுஷாவைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா எங்க போனாரு, கண்டுபிடிச்சீங்களா?” என்றாள் நிரஞ்சனா.

“சொல்றேன். மொதல்ல ஒரு டீ கிடைக்குமா?” என்றாள் வினுஷா.

பூவம்மா பூவை வைத்துவிட்டு எழப் பார்த்தார். “நீங்க உக்காருங்கம்மா. ஐயா போடட்டும். அவர்தானே இந்த வீட்டுல அடிக்கடி அடுப்ப பத்த வைக்கறாரு?”

துரைசாமியின் முகம் ஒரு கணம் வெளிறியது. பிறகு எழுந்தார். போருக்குப் போகிறவர்போல் சமையலறைக்குள் போனார்.

முதலில் ஒரு இழுப்பறை திறந்தது. மூடியது. இன்னொன்று திறந்தது. அரிசி டின்னின் மூடி கீழே விழுந்து உருண்டது. ஜேசுதாசன் எட்டிப் பார்த்தார். ஐயா அடுப்பின் குமிழை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருகிக்கொண்டிருந்தார். குமிழ் அசையவில்லை. கப்பலிலிருந்து மலைமலையாகச் சரக்கைத் தூக்கி இறக்கிய கை அது. ஒரு குமிழிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

“அமுக்கித் திருப்பணும் லா!” என்று இங்கிருந்தே சிரித்தார் பூவம்மா. “தானா பத்தாது, லைட்டர் வேணும். லைட்டர் பிரிட்ஜுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது. இவரப் போயி டீ போடச் சொன்னீங்களே பாப்பா! கட்டிக்கிட்ட நாள்லேருந்து இவரு அடுப்பு பத்த வச்சதில்ல. நான் உள்ள விட்டாத்தானே!”

“கேட்டீங்களா அர்ஜுன்?” என்றாள் வினுஷா மெதுவாக.

அர்ஜுனோ வேறு கணக்கில் இருந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்தான். “பாருங்க, அடுப்பு எப்படிப் பத்த வைக்கிறதுங்கிறதே மறந்துட்டாரு. இதத்தான் நான் சொல்றேன். என்னிக்காவது வீடு பத்திக்கிட்டா? அம்மா உள்ள இருக்காங்க! ஆபீஸ்ல போன் அடிச்சா எடுக்கவே பயமா இருக்கு. போதும். நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு அங்கேருந்தே ஹோம்ல சேத்துடலாம்.”

பூவம்மாவின் விரல்கள் நின்றன. “எந்த ஹோம்? யார சேக்கப் போற?”

நிரஞ்சனா தரையைப் பார்த்தாள். பூவம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்ற கணவரைப் பார்த்தார்.

“இவரையா? இவர எதுக்கு?” சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “டேய் அர்ஜுன், கேஸ அணைக்காம விட்டது நான்.”

“பூவு, பேசாம இரு,” என்றார் துரைசாமி.

“குக்கர்ல தண்ணி ஊத்தாம ஏத்தினது நான். ரசத்துல சக்கரைய கொட்டினது நான்.”

“அவ பொய் சொல்றா! எனக்குத்தான் மறதி!”

“உங்களுக்கு என்ன மறதி? நம்ம கல்யாணத்துல எங்க மாமா குடிச்சிட்டு விழுந்தத இன்னிக்கும் சொல்லிக் காட்டறீங்க! எனக்குத்தான் மறதி!”

“எனக்குத்தான்!”

“கர்த்தரே,” என்றார் ஜேசுதாசன். “குத்தத்த மத்தவங்க மேல போடறதுக்குச் சண்டை போட்டுப் பாத்திருக்கேன். தன் மேல போட்டுக்கிறதுக்கு இப்படி அடிச்சுக்கிறத இப்பத்தான் பாக்கறேன்.”

வினுஷா எழுந்து பூவம்மாவின் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். “மறதி வந்தா அவங்கவங்க புழங்குற இடத்துலதான் தப்பு வரும். ஐயா புழங்குறது ரயில்ல, சந்தையில, பேப்பர்ல. அங்கெல்லாம் ஒரு தப்பும் இல்ல. தாஸ் அங்கிள் செருப்புல இருக்கற ஊக்கு வரைக்கும் ஞாபகம் வச்சிருக்காரு. செவ்வாய்க்கிழமை அவரு போறது பார்லருக்கு, அம்மாவுக்குச் சடை பின்னக் கத்துக்க. நடந்த தப்பு எல்லாம் கிச்சன்ல. அம்மா யாரையும் உள்ள விடாத கிச்சன்ல. நீங்க ரெண்டு பேரும் அவர் சொன்னத நம்புனீங்க. இந்த வீட்டு வழக்கத்த மறந்துட்டீங்க.”

நிரஞ்சனாவின் கை வாய்க்குப் போனது. நான் உள்ள போனாலே கரண்டி பறக்கும் என்று சொன்னவளே அவள்தான்.

“இன்னொண்ணும் பாக்கி இருக்கு,” என்றாள் வினுஷா. “ஐயா, அந்த மேல் பொத்தான கொஞ்சம் கழட்டுங்க.”

“பாஸ்! மரியாதை!” என்றார் ஜேசுதாசன்.

துரைசாமி மனைவியைப் பார்த்தார். பிறகு தோற்றுப்போனவராகக் கையை உயர்த்திப் பொத்தானைக் கழற்றினார். நரைத்த நெஞ்சில் தங்கச் சங்கிலி மின்னியது. அதன் நுனியில் மஞ்சள் ஒட்டிய தாலி.

“அப்பா!” என்றாள் நிரஞ்சனா.

“மஞ்சள் டப்பாவுல கெடந்துச்சு,” என்றார் துரைசாமி. “கழட்டி அதுல போட்டுட்டு வீடு பூரா தேடுனா. எடுத்துக் குடுத்தேன். மறுபடியும் அதே டப்பா. மூணாவது தடவை தொலைஞ்சா அவ மனசு தாங்காது. அதான் நானே போட்டுக்கிட்டேன். இங்க இருந்தா தொலையாது இல்ல?” பொத்தானைத் திரும்பப் பூட்டப் பார்த்தார். “யாராவது ஒருத்தர ஹோமுக்கு அனுப்பித்தான் ஆவீங்கன்னு தெரிஞ்சு போச்சு. நான் போயிட்டா அவ மக வீட்டுல இருப்பா. என்னைய எங்க போட்டாலும் சாப்புட்டுத் தூங்குவேன். அவளால முடியாது.”

“அதுக்கு என்னைய கேக்க வேணாமா?” பூவம்மா சீறினார். கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. “எனக்குத் தெரியும் பாப்பா. பூவுன்னா கை தானா கட்டுது. சடை பின்னிக்கலாம்னு தலைக்குப் பின்னாடி கை போனா எங்க விட்டேன்னு தெரியல. பயந்துட்டேன். ஒவ்வொண்ணையும் இவரு தன் மேல போட்டுக்கிட்டாரு, நானும் பேசாம விட்டுட்டேன். இப்படிப் பிரிப்பாங்கன்னு தெரிஞ்சா விட்டிருப்பேனா?”

அர்ஜுன் சோபாவில் பொத்தென்று சாய்ந்தான். “அப்ப அம்மாவுக்குத்தானா… இனிமே அம்மா கையெழுத்துப் போட்டா செல்லாதே. எல்லாம் நாங்கதானே பாத்துக்கணும்?”

“ரெண்டுமே தப்பு,” என்றாள் வினுஷா. வக்கீல் ஆபீஸ் குரல் வந்துவிட்டது, ஜேசுதாசன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “புள்ளைங்கங்கிறதால பெத்தவங்களுக்காக முடிவெடுக்கற அதிகாரம் தானா வந்துடாது. அம்மாவுக்கு முழுசா முடியாம போச்சுன்னா, கோர்ட்டுக்குப் போயி, ஜட்ஜ் யாரையாவது நியமிக்கணும். அப்ப அம்மாகிட்ட யாரும் கேக்க முடியாது. ஆனா மறதி ஆரம்பிச்ச உடனே கையெழுத்து செல்லாமப் போயிடாது. எல்.பி.ஏ.ன்னு ஒண்ணு இருக்கு. நாளைக்கு எனக்கு யோசிக்க முடியலன்னா எனக்காக இவங்க முடிவெடுக்கட்டும்னு இப்பவே எழுதி வைக்கிறது. எதுக்குக் கையெழுத்துப் போடறோம்னு அம்மாவுக்குப் புரியுதா, அதத்தான் டாக்டரோ வக்கீலோ உக்காந்து பேசிப் பாப்பாங்க.”

பிறகு துரைசாமியிடம் திரும்பினாள். “ஐயா, அம்மாவ காப்பாத்தறதா நெனச்சுத்தான் மறைச்சீங்க. ஆனா நீங்க மறைச்ச நாளெல்லாம் அவங்க சொந்தமா முடிவெடுக்கக்கூடிய நாளு. அது கொஞ்சம்தான் இருக்கு. அதப் போயி வீணடிக்கலாமா?”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு வாங்கிய பள்ளிப் பிள்ளையின் முகம் அது. ஜேசுதாசனுக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

“சொல்லுங்கம்மா,” என்றாள் வினுஷா. “யாரு வேணும்?”

பூவம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு யோசித்தார். “வீடு, பேங்க் சமாசாரம் எல்லாம் நிரஞ்சனா பாக்கட்டும். அவளுக்குப் பொறுமை உண்டு. ஒடம்பு சமாசாரம், எங்க இருக்கணும், யாரு பாத்துக்கணும், அதுக்கு இவரு. இவருக்கும் முடியாம போனா அர்ஜுன்.”

“நானா?” என்றான் அர்ஜுன். அவன் குரல் சின்னதாகிவிட்டது. “நான் இவ்வளவு பண்ணினதுக்கு அப்புறமுமா?”

“பயந்துதானேடா பண்ணின. எங்க ரெண்டு பேரையும் பிரிக்க மாட்டேன்னு வாயத் தொறந்து சொல்லு. அப்புறம் உன் பேரப் போடறேன்.”

“மாட்டேன்ம்மா. சத்தியமா பிரிக்க மாட்டேன்.”

“அப்ப நாளைக்கு அப்பாயின்ட்மென்ட் வீணாகாது,” என்றாள் வினுஷா. “டாக்டர் கிட்ட போறது அம்மா. ஐயா கூடப் போவாரு. பேர மட்டும் மாத்திடுங்க.”

துரைசாமி சங்கிலியைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். பூவம்மா அதை வாங்கவில்லை. அவர் கையை மடக்கி, அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்தார்.

“உங்க கழுத்துலயே இருக்கட்டும். எனக்கு இந்த மஞ்சக் கயிறு போதும். என்னிக்காவது நான் உங்கள பாத்து, நீ யாருய்யான்னு கேட்டா, அத எடுத்துக் காட்டுங்க.”

பெரியவர் சங்கிலியை மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டார். நிரஞ்சனா விசித்து அழுதாள். ஜேசுதாசன் ஜன்னலுக்கு வெளியே இருந்த எதிர் அடுக்குமாடி புளோக்கை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்தார்.

“அழுதது போதும்,” என்றார் பூவம்மா. “வந்தவங்க டீ கேட்டாங்க. நீங்க உள்ள வாங்க. அடுப்பு பத்த வைக்கச் சொல்லித் தர்றேன், நான் மறக்கறதுக்குள்ள.”

துரைசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வாழ்நாளில் முதல்தடவையாக முறைப்படி அழைக்கப்பட்டுச் சமையலறைக்குள் போனார். உள்ளிருந்து அதட்டல் கேட்டது. “அமுக்குங்க… அமுக்கித் திருப்புங்க… ஐயோ, கையச் சுட்டுக்காதீங்க!” பிறகு அடுப்பு ‘பொக்’கென்று பற்றிக்கொண்ட சத்தம், அதற்கப்புறம் இரண்டு பேரின் சிரிப்பு.

தட்டில் டீ வந்தது. ஜேசுதாசன் ஆவலோடு ஒரு வாய் உறிஞ்சினார். அவருடைய புருவம் ஏறியது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. டீயில் உப்பு கரித்தது.

பூவம்மாவின் முகம் வாடத் தொடங்கியது. துரைசாமி வாயைத் திறந்தார்.

அதற்குள் அர்ஜுன் முந்திக்கொண்டான். “சாரி அங்கிள். அந்த உப்ப போட்டது நான்தான்.”

ஜேசுதாசன் திரும்பி அவனைப் பார்த்தார். இத்தனை நேரமும் அவன் தன் பக்கத்தில் சோபாவிலேயேதான் உட்கார்ந்திருந்தான், சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பூவம்மா மகனைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

“பரவாயில்ல தம்பி,” என்றார் ஜேசுதாசன். “நல்லாத்தான் இருக்கு.” டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.